முதலில் வந்த பிள்ளைக்கு ஒரு நாள்

நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். நேரு படத்துக்கு மாலை, மாறுவேடப் போட்டி, மிட்டாய் என்று பள்ளிகளில் பொழுது போகும். அதே தேதியில் அமெரிக்காவில் பல ஊர்களில் பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். 1960-இல் அந்த நாளில்தான் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த தொடக்கப்பள்ளிக்குள் காலெடுத்து வைத்தாள். வாசலில் ஒரு கும்பல் ஏசிக்கொண்டிருக்க, மத்திய அரசின் காவல் அதிகாரிகள் அவளைச் சூழ்ந்து உள்ளே கூட்டிப் போனார்கள். வெள்ளையர் பலர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டதால், அந்த ஆண்டு முழுக்க ஒரு வகுப்பறையில் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியையும் அவளும் மட்டுமே. இந்த நினைவு நாளுக்கான யோசனை கலிஃபோர்னியாவின் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடமிருந்து வந்தது. இப்படி ஒரு நாள் நமக்கும் வேண்டும், அதைத் தொடங்கச் செட்டிநாடு பொருத்தமான இடம் என்பது என் கட்சி.

அங்கே சட்டம் போட்டுப் பிரித்தார்கள், இங்கே அப்படி ஏதும் இல்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் எந்தச் சாதியாருக்கும் இடமுண்டு என்பது கம்பெனி ஆட்சி 1850-களிலேயே ஏற்ற கொள்கை. ஆனால் காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கையும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் நடந்தது வேறு. 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். புதிய பட்டியலில் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது. இன்னொன்று, அந்தப் பிள்ளைகள் மிராசுதாரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது. தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. காகிதத்தில் திறந்திருந்த கதவை ஊர்க்கட்டுப்பாடு சாத்திவைத்தது. ரூபிக்காவது அரசின் காவல் இருந்தது. சிலேட்டோடு புறப்பட்ட நம்மூர்ப் பிள்ளைக்கு, அனுப்பிவைத்த தாய் தகப்பனின் துணிச்சலை விட்டால் வேறென்ன துணை?

பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் பிரிவினை ஒழிந்துவிடும் என்பதும் இல்லை. தேசியத்துக்காகவே தொடங்கப்பட்ட வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி போட்டது 1925-இல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். ஒரு பந்தி விவகாரம் ஒரு கட்சியின் போக்கையே மாற்றியது என்றால், பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்பதைச் சின்ன விஷயமாக எப்படி நினைப்பது?

கல்வி வளர்ச்சி நாள், சமூக நீதி நாள், சமத்துவ நாள் என்று ஏற்கெனவே மூன்று இருக்க நான்காவது எதற்கு என்பது அடுத்த கேள்வி. அவை முறையே காமராசர், பெரியார், அம்பேத்கர் பிறந்தநாள்கள், வேண்டியவைதான். ஆனால் எல்லாமே தலைவர்களுக்கு. செட்டிநாட்டிலும் இதே கதைதான். அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கியதும், மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்ததும் ஊரறிந்த பெருமை. கட்டடம் கட்டியவருக்குக் கல்வெட்டு உண்டு. அதற்குள் வர விலை கொடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் கிளறினால் பள்ளியில் சாதி மூளும் என்ற அச்சம்தான் கொஞ்சம் கனமானது. ஆனால் நாம் பேசாமல் இருந்தபோதே 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல், மாணவர்கள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடுக்கவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. கயிற்றின் நிறத்தை யாரோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளி மட்டும் வாயை மூடிக்கொண்டால் அவர்கள் சொல்வதே பாடமாகிவிடும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பொதுப்பள்ளியில் அவமானப்பட்ட பிள்ளைகளுக்கு அவை புகலிடமாக இருந்தன, அதை மறுக்க மாட்டேன். அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு 2023 பட்ஜெட்டில் வந்தது. இணைப்பதாயிருந்தால், ஏன் பிரிந்து கிடந்தோம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

இந்த நாளை நவம்பரில் வைக்காமல், பள்ளி திறந்து சேர்க்கை நடக்கும் ஜூனில் வைக்கலாம். ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி, காலனியிலிருந்து முதல் பிள்ளை சேர்ந்தது எந்த ஆண்டு என்று பார்க்கட்டும். பெயரை வாசிப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பமே சொல்லட்டும், ஆண்டை மட்டும் கரும்பலகையில் எழுதினாலே போதும். பதிவேடு கரையான் அரித்துப் போன ஊர்களில், காலனிப் பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்துக் கேட்கலாம், அவர்கள் இருக்கும்போதே.