கோடு போட்டா புரியணும் பாஸ்!

“இந்த டெம்ப்2 என்னடா?” போன செமஸ்டர் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கத்தினது அடையாறு டெப்போ வரைக்கும் கேட்டிருக்கும். மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டே நாள். பாதி கோடு எழுதின பார்ட்னர் மஞ்சள் காமாலையில் படுத்துட்டான். பஸ் டைமிங் காட்டுற சின்ன வெப் பேஜ்தான். உள்ளே பார்த்தா ஏ, பி, எக்ஸ்1, டெம்ப்2! அவன் எழுதினது புரியலை. கொடுமை என்னன்னா, ரெண்டு மாசம் முன்னாடி நான் எழுதினதும் புரியலை. ரிவ்யூவில் பாதிதான் ஓடுச்சு. மார்க்கும் பாதிதான்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்போ ஜாவாஸ்கிரிப்ட் பக்கம்தான். 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் முதல் வடிவத்தை 10 நாளில் எழுதின மொழி இது. பிரவுசர் இருந்தா போதும், உடனே ஆரம்பிக்கலாம். 2009-ல் நோட்.ஜேஎஸ் வந்ததும் சர்வரிலும் புகுந்துடுச்சு. ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பிலும் சொல்லித் தர்றாங்க. ஆனா ரொம்ப சாதுவான மொழி பாஸ். நாம கன்னாபின்னான்னு எழுதினாலும் பல சமயம் கம்முனு ஓடிடும். மாட்டிக்கறது, அடுத்து அதைப் படிக்கிற ஆள்தான்.

இதே தலைவலி உ.வே.சா.வுக்கும் இருந்திருக்கு. பெசன்ட் நகரில் அவர் பேரில் இருக்கிற நூலகத்தைத் தாண்டி எத்தனை தடவை பீச்சுக்குப் போயிருப்பீங்க? பழைய ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, வார்த்தைக்கு நடுவே இடைவெளியும் இருக்காது. அதையெல்லாம் பிரிச்சுப் படிச்சுத்தான் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சார். கைகொடுத்தது நச்சினார்க்கினியர் உரை. நம்ம பாஷையில் சொன்னா, கமென்ட்!

கம்ப்யூட்டர் மேதை டொனால்ட் நூத் 1984-லேயே எழுதின மேட்டரும் இதுதான்: புரோகிராமை மெஷினுக்காக மட்டும் எழுதாதே, படிக்கிற மனுஷனுக்காக எழுது.

அப்போ என்ன செய்யலாம்?

பேர் வைக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் எழுத்தையும் ஏத்துக்கும். ‘டெம்ப்2’வுக்குப் பதிலா ‘கடைசிபஸ்நேரம்’னே வைக்கலாம். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே வேலை கொடுங்க. கமென்ட்டில் ‘என்ன செய்யுது’ன்னு எழுதறதைவிட, ‘ஏன் இப்படி’ன்னு எழுதுங்க.

பார்ட்னர் இப்போ தேறிட்டான். புது ரூல் போட்டிருக்கோம்: ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சு அர்த்தம் சொல்லணும். சொல்ல முடியலைன்னா, எழுதின ஆள் திருத்தணும். சண்டை வருது, டீ செலவும் ஆகுது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் கத்தறதில்லை.

இன்னிக்கே உங்க ஃபர்ஸ்ட் இயர் புரோகிராமைத் திறந்து பாருங்க. புரிஞ்சா, நீங்க கில்லாடி. புரியலையா? வாங்க, நம்ம செட்டுதான்!