'அண்ட்/ஆர்'... கையெழுத்து போடும் முன் கவனிங்க!

வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் பாலிசி, கல்லூரி விண்ணப்பம்... ஆங்கிலப் படிவங்களில் 'அண்ட்/ஆர்' என்ற இரட்டைச் சொல்லை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். தமிழில் 'மற்றும்/அல்லது' என்று போடுவார்கள். இதற்கு என்னதான் அர்த்தம்?

ரொம்ப சிம்பிள். 'ஆதார் அண்ட்/ஆர் பாஸ்போர்ட்' என்றால், ஆதார் மட்டும் போதும். பாஸ்போர்ட் மட்டும் போதும். இரண்டையும் கொடுத்தாலும் சரி.

தேர்வு நம் கையில் இருக்கும்வரை பிரச்னை இல்லை. பொறுப்பைச் சொல்லும் இடத்தில்தான் சிக்கல். 'பழுதுச் செலவு உரிமையாளர் அண்ட்/ஆர் வாடகைதாரரைச் சேரும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால், மோட்டார் ரிப்பேரானதும் யார் பணம் கொடுப்பது? இருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம்!

கப்பல் சரக்கு ஒப்பந்தத்தில் இருந்த இந்தச் சொல், 1855-லேயே இங்கிலாந்து நீதிமன்றப் படியேறிவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1935-ல் இதைக் கடுமையாகவே சாடியது.

சரி, இது இல்லாமல் எழுத முடியாதா? முடியும். 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கான தண்டனை எப்படி இருந்தது தெரியுமா? மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாய்கோடே இல்லை, குழப்பமும் இல்லை.

எனவே, பணமோ பொறுப்போ பேசும் வரியில் 'அண்ட்/ஆர்' இருந்தால், "யார், எவ்வளவு?" என்று கேட்டு, தெளிவாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்கு அப்புறம்!