இரண்டு சேர்க்கை ஆணைகளுக்கு நடுவே: பேராசிரியராக விரும்பும் தலித் மாணவர் எதைக் கேட்டுத் தெரிவுசெய்வது?

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், சின்னாளப்பட்டியை ஒட்டி காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1956-இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைத் தகுதி பெற்று, ஒன்றிய அரசின் நிதியில் இயங்கிவருவது அது. ஆத்தூர், செம்பட்டிப் பகுதிச் சேரிகளில் இளங்கலை முடிக்கும் மாணவருக்கு அது வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவு. முதுகலைக்கான கியூட் நுழைவுத்தேர்வு 2022-இல் வந்த பிறகு, அதே மாணவரின் கையில் ஐதராபாத், புதுச்சேரி, திருவாரூர், தில்லி என ஏதேனும் ஒன்றின் சேர்க்கை ஆணையும் சேர்ந்து இருக்க வாய்ப்புண்டு. ஒரு வாரத்துக்குள் ஒன்றைத் தெரிவுசெய்தாக வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் பெரியப்பாவோ மாமாவோ இருக்கும் சாதிகளில் இந்தக் கேள்விக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் விடை கிடைத்துவிடுகிறது. நம் வீடுகளில் இரண்டே அறிவுரைகள்தாம் உண்டு: “பேர் பெற்ற இடத்துக்குப் போ”, அல்லது “பக்கத்திலேயே படி, செலவு குறையும்”. பெண்ணாக இருந்தால் இரண்டாவது மட்டும். பேராசிரியராக வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு இவ்விரண்டும் போதா என்பதே நம் கருத்து. நிறுவனத்தின் புகழைவிட, பட்டத்தின் பெயரும், பணம் வரும் வழியும், பின்னாளில் அமையும் ஆய்வு நெறியாளரும்தாம் அவர் எதிர்காலத்தை முடிவுசெய்கின்றன.

பட்டத்தின் பெயரிலிருந்தே தொடங்குவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் செய்த திருத்தத்தின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சி. முனைவர் பட்டம் கட்டாயமன்று. ஆகவே ஒருவர் பெறும் முதுகலைப் பட்டம் எந்த நெட் பாடத்துக்குள் அடங்குகிறது என்பது முதல் கேள்வி ஆகிறது. ‘வளர்ச்சி ஆய்வுகள்’ என்ற முதுகலை கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் நெட் தேர்வில் அதற்குத் தனித்தாள் இல்லை. அது பொருளாதாரத் தாளுக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. அங்கே பேரியல், நுண்ணியல் பொருளாதாரமும் புள்ளியியலும் காத்திருக்கும். தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளிலோ வரலாறு, பொருளாதாரம், தமிழ் என்று பழைய துறைகளே இருக்கின்றன. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்ததும் அத்தகைய துறைகளின் கணக்கிலேயே. புதிய பெயர் தாங்கிய பட்டம் பெற்றோர், அது பழைய பாடத்துக்கு இணையானது என்ற அரசாணையைத் தேடி அலைய நேர்கிறது. சேர்வதற்கு முன்பே அந்த இணைத்தன்மை ஆணை இருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. புதிய துறைகள் வேண்டாம் என்பதன்று நம் வாதம். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர், கதவு எங்கே திறக்கும் என்று அறியாமல் அதற்குள் நுழையக் கூடாது என்பதே.

அடுத்தது பணம். முதுகலைக்குப் பெரும்பாலும் கிடைப்பது போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகை மட்டுமே. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. கல்லூரியோ ஜூலையிலேயே கட்டணம் கேட்கும். உதவித்தொகை வருவதற்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியைக் கந்துவட்டி நிரப்புகிறது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இந்த உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு இருந்த விடுதி, உணவுக் கட்டண விலக்கு நிறுத்தப்பட்டதும், அதை எதிர்த்து 2018-இல் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடியதும் நினைவிருக்கலாம். அந்த விலக்கை நம்பியே அங்குச் சேர்ந்தவர்கள் பலர். எனவே கேட்க வேண்டியது, ‘சலுகை உண்டா’ என்பதை மட்டுமன்று; அது விதியாக எழுதப்பட்டதா, ஆண்டுதோறும் நிர்வாகம் விரும்பினால் தருவதா, உதவித்தொகை வரும்வரை கட்டணத்துக்கு அவகாசம் தருவார்களா என்பனவற்றையும்தான்.

முனைவர் பட்ட நிலைக்கு வந்தால் கணக்கு வேறு. இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜே.ஆர்.எஃப்., 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஈராண்டுக்குப் பிறகு 42,000. அது இல்லாதவருக்கு நடுவண் பல்கலைக்கழகங்கள் தருவது மாதம் 8,000 ரூபாய் என்ற அளவிலேயே பல்லாண்டாக நிற்கிறது. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் இன்று நெட் மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டே வழங்கப்படுகிறது. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. நமக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. இதனால் நாம் துணிந்து சொல்வது: வெளிமாநில முதுகலை இடம், கடன் வாங்கினால்தான் முடியும் என்றால், காந்திகிராமத்திலோ மாவட்டத்து அரசுக் கல்லூரியிலோ முதுகலையை முடித்து, அந்த ஈராண்டையும் ஜே.ஆர்.எஃப். பெறுவதற்குச் செலவிடுங்கள். கையில் அந்த உதவித்தொகை இருப்பவர் முனைவர் பட்டத்துக்கு எந்த ஊருக்கும் தம் பணத்தோடு போகிறார். கடனின்றி வெளியூரில் படிக்க வழி இருந்தால், வீட்டார் தயங்கினாலும், பெண்ணானாலும், போவதே சரி. அங்குக் கிடைக்கும் நூலகமும் ஆங்கிலமும் தோழமையும் இங்கு எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் பணத்தோடு போவது மட்டும் காப்பாற்றிவிடாது. சேலம் மாவட்டத்தில் பன்னியாண்டி சமூகத்தில் பிறந்த செந்தில்குமார், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவே இல்லை. 2008 பிப்ரவரியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை விசாரித்த வினோத் பாவராலா குழு, துறையில் நெறியாளர் ஒதுக்கீட்டு முறையே தெளிவற்றிருந்ததையும், அதனால் பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் இடஒதுக்கீட்டு மாணவர் என்பதையும் சுட்டியது. எட்டாண்டு கழித்து அதே வளாகத்தில்தான் ரோகித் வெமுலாவை இழந்தோம். அவருக்கும் உதவித்தொகை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

ஆகவே முனைவர் பட்டச் சேர்க்கையில் நாம் தெரிவுசெய்வது நிறுவனத்தைக் காட்டிலும் நெறியாளரை. மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க முடியும். நீங்கள் நம்பிப் போகும் பேராசிரியரிடம் இடம் காலியா என்று முதலில் அறியுங்கள். அவரிடம் ஆய்வு முடித்தோர் யார், எத்தனை ஆண்டில் முடித்தனர் என்பது சோத்கங்கா இணையத்தளத்தில் ஏற்றப்பட்ட ஆய்வேடுகளைப் பார்த்தாலே பெரிதும் விளங்கும். அவரிடம் சேர்ந்த பட்டியல் சாதியினர் எத்தனை பேர், இடையில் நின்றவர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் செலவில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சேர்க்கைக்கு முந்தைய பருவத்திலேயே கேட்டால்தான் பயன். பதில் தர மறுக்கும் துறையும் ஒரு பதிலைத் தந்துவிட்டதாகவே கொள்ளலாம்!

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு செய்தியும் உண்டு. தமிழ்நாட்டின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 2009 சட்டத்தின்படி 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றிய நிறுவனங்களின் 15 விழுக்காட்டில் அது இல்லை. தலித் கிறித்தவர் நிலை இன்னும் கடினம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருப்பதால், பட்டியல் சாதியினருக்கான தேசிய உதவித்தொகை அவர்களுக்கு இல்லை. முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்குத் தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கும் ஊக்கத்தொகையில் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடரும் உண்டு. இவ்விரு பிரிவினருக்கும் மாநிலப் பல்கலைக்கழக ஆணை, வெளியே தெரிவதைவிடக் கூடுதல் மதிப்புடையது.

இரண்டு ஆணைகளில் ஒன்றை விடுவது என்றென்றைக்குமாக இழப்பதாக இருக்க வேண்டியதில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியாவுக்குப் போன அண்ணல் அம்பேத்கர், 1917-இல் அது முடிந்ததும் இலண்டன் படிப்பை நடுவே விட்டுத் திரும்ப நேர்ந்தது. அப்போது அவர் செய்த ஒன்று கவனத்துக்குரியது: நான்காண்டுக்குள் திரும்பிவந்து தொடர இலண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டுதான் கிளம்பினார். சைடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துச் சேமித்த பணத்தோடும் சாகு மகராசரின் உதவியோடும் 1920-இல் மீண்டும் போனார். ஓராண்டு தள்ளிச் சேர அனுமதி கேட்பது நாணப்பட வேண்டிய செயலன்று. கிடைத்தால் எழுத்தில் பெற வேண்டும்.

இறுதியாக, சேர்ந்தபின் மனம் மாறினால் என்ன செய்வது என்பதும் பலருடைய அச்சம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், கட்டணப் பாக்கிக்காக அவற்றைப் பிடித்துவைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது. விலகுவோருக்குக் கட்டணத்தைத் திருப்பித்தரும் கெடுவையும் அக்குழு அறிவிக்கிறது. அந்தந்த ஆண்டின் தேதியைப் பார்த்து அதற்குள் விலகல் கடிதம் கொடுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அதே கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, 2023 விதிகளின்படி அமைந்த மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடமும், அதன்பின் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.