பதினோரு பேரில் யாருக்கு இடம்?

ரசிகர்களின் ஓயாத வழக்கும் கடலூர்ப் பெண்களின் கதையும்

கால்பந்து ரசிகர்கள் இருவர் ஓர் இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும்?

சண்டை நடக்கும்!

பயப்பட வேண்டாம். அடிதடிச் சண்டை அல்ல, வாய்ச் சண்டைதான். "அவனை ஏன் எடுத்தார்கள்? இவனை ஏன் விட்டார்கள்?" என்பதுதான் வழக்கு. இந்த வழக்குக்குக் கோர்ட்டு கிடையாது. தீர்ப்பும் கிடையாது. டீ ஆறிப்போகும், வழக்கு ஆறாது!

கடலூர் மாவட்டத்தில் மேல்பட்டாம்பாக்கம் என்று ஓர் ஊர். நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கிறது. விழுப்புரம்-கடலூர் ரயில் பாதையில் ஒரு நிலையம். ஒரு பக்கம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை. மறு பக்கம் பண்ருட்டிப் பலாப்பழம். இந்த வட்டாரத்தில் கால்பந்து பேசும் இளைஞர்களைக் கேளுங்கள். மெஸ்ஸியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். ரொனால்டோவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

இந்துமதியைப் பற்றி?

"யார் அந்த இந்துமதி?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சப்-இன்ஸ்பெக்டர் வீராங்கனை

இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். 1994-ம் ஆண்டு பிறந்தவர். இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் நடுவரிசையில் ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஆடுகளத்தை விட்டுவிட்டு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, சென்னைத் தெருக்களில் காவல் பணி செய்தார்.

2019-ல் நேபாளத்தில் உள்ள விராட்நகரில் தெற்காசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. அரை இறுதியில் இந்தியாவும் வங்காளதேசமும் மோதின. இந்தியா 4 கோல் போட்டு வென்றது. அதில் 2 கோல் இந்துமதி போட்டவை! கோப்பையும் இந்தியாவுக்கே கிடைத்தது.

அதற்கும் மேலான பெருமை பிறகு வந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஆண்டுதோறும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிறது. ஆண்களில் ஒருவர், பெண்களில் ஒருவர். 2023-24-ம் ஆண்டுக்கு ஆண்களில் மிசோரத்தைச் சேர்ந்த சாங்தே தேர்வானார். பெண்களில் யார் தெரியுமா?

நம் கடலூர் இந்துமதி!

இந்தியா முழுவதிலும் ஒரே ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் பட்டம் அது. அந்தப் பட்டம் நம் மாவட்டத்துக்கு வந்தது. ஊரில் எத்தனை பேர் அதைப் பற்றி வாதாடியிருப்பார்கள்?

ஒரே ஊர், ஒரே மைதானம்

இந்துமதி தனி ஒருவர் அல்ல. கடலூரில் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்வி அகாடமி என்று ஒன்று இருக்கிறது. மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அங்கே பெண்களுக்குப் பந்து பழக்கினார். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி கடலூர்க் கரையைத் தாக்கியது. வீட்டை இழந்த பிள்ளைகள் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்ட பெண்களிலும் சிலர் அவரிடம் பந்து பழகினார்கள்.

சந்தியா ரங்கநாதனும் கடலூர்ப் பெண்தான். அவர் முன்வரிசை ஆட்டக்காரர். கோல் போடுவது அவர் வேலை. 2019-ல் தெற்காசியக் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார். அதே ஆண்டு இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை மதுரை சேது எஃப்சி வென்றது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்தது. அந்த சேது அணியிலும் இந்துமதி, சந்தியா இருவரும் ஆடினார்கள்.

ஒரு காலத்தில் பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர் என்றுதான் சொல்வார்கள். தேசியக் கோப்பைகளில் பெரும்பாலானவை அங்கேதான் போகும். 2018-ல் கட்டாக்கில் அந்த மணிப்பூரையே தமிழ்நாட்டுப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்றார்கள். தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் தடவை. 2023-ல் அமிர்தசரசில் அரியானாவை 2-1 என்று வென்று மீண்டும் கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

இப்போது வழக்குக்கு வருவோம்.

கோல் போட்டவரா? வழி விட்டவரா?

ஒரு "நட்சத்திர அணி" அமைக்க வேண்டும். நாட்டிலேயே சிறந்த பதினோரு பேர் வேண்டும். ஓர் இடம்தான் பாக்கி. முன்வரிசைப் பெண்ணை எடுப்பதா? நடுவரிசைப் பெண்ணை எடுப்பதா?

"இதிலென்ன மாமா சந்தேகம்? கோல் போடுகிறவர்தான் பெரிய ஆள்" என்பான் தம்பி.

"அட போடா! பந்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தது யார்?" என்பார் மாமா.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலர் தம்பியின் கட்சிதான். காரணம் என்ன? கோல் கண்ணுக்குத் தெரிகிறது. கணக்குப் போட முடிகிறது. பத்திரிகையில் பெயர் வருகிறது. நடுவரிசையில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்கிக் கொடுத்தவருக்குக் கணக்கு எங்கே இருக்கிறது?

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் இன்னொரு லட்டு வைத்தவரின் முகம் நமக்கு நினைவிருக்கும். விடியற்காலையில் இருந்து அடுப்படியில் நின்று வெந்தவரின் முகம் நினைவிருக்கிறதா? அப்படித்தான் இதுவும்.

உலகமும் ஒரு காலத்தில் கோல் கணக்கையே பார்த்தது. இப்போது கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. உலகின் சிறந்த கால்பந்து வீராங்கனைக்கு பாலன் தோர் என்ற தங்கப் பந்துப் பரிசு தருகிறார்கள். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதைப் பெற்றவர் ஸ்பெயின் நாட்டு ஐதானா போன்மத்தி. அவர் நடுவரிசை ஆட்டக்காரர்! நம் இந்துமதியும் நடுவரிசைதான் என்பதைக் கவனியுங்கள்.

ஜகார்த்தாவில் நடந்த அதிசயம்

தேர்வு என்பது "யார் பெரிய ஆள்" என்ற கேள்வி மட்டும் அல்ல. இன்றைக்கு, இந்த இடத்துக்கு, யார் பொருத்தம் என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் தோற்றது. அடுத்து தாய்லாந்துடன் ஆட்டம். இந்தியா வென்றது. ஆனால் பின்வரிசையில் மலைபோல நிற்கும் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட்டார்கள்.

அரை இறுதி வந்தது. பயிற்சியாளர் ரகீம் என்ன செய்தார்? காயம் பட்டவரை வெளியே உட்கார வைக்கவில்லை. பின்வரிசையிலும் நிறுத்தவில்லை. முன்வரிசைக்கு அனுப்பினார்! தடுக்கிறவரைக் கோல் போடும் இடத்தில் நிறுத்தினால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஆனால் ஜர்னைல் சிங் அரை இறுதியில் கோல் போட்டார். இறுதி ஆட்டத்திலும் கோல் போட்டார்.

இன்னொரு முடிவும் உண்டு. போட்டியின் நடுவில் பிரத்யுத் பர்மன் கோல் காத்துவந்தார். அவர் குறை வைக்கவில்லை. ஆனாலும் இறுதி ஆட்டத்துக்கு ரகீம் அழைத்தது பீட்டர் தங்கராஜை. ஆறடிக்கு மேல் உயரம். கையை விரித்து நின்றால் கோல் கம்பத்தை மறைப்பார். எதிரே அதே தென்கொரியா. செப்டம்பர் 4-ந் தேதி இந்தியா 2-1 என்று வென்றது. தங்கப் பதக்கம் கிடைத்தது.

இந்தத் தங்கராஜ் சிறுவயதில் முன்வரிசையில் ஆடியவர். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த பிறகுதான் கோல் காப்பாளர் ஆனார். யாரோ ஒருவர் அவரைச் சரியான இடத்தில் நிறுத்திப் பார்த்தார். பிற்காலத்தில் ஆசியா முழுவதிலும் இருந்து பொறுக்கி எடுத்த நட்சத்திர அணியில் தங்கராஜுக்கும் ஜர்னைல் சிங்குக்கும் இடம் கிடைத்தது. ஜர்னைல் சிங் அந்த அணிக்குத் தலைவராகவும் இருந்தார்.

பர்மனுக்கு எப்படி இருந்திருக்கும்? நன்றாக ஆடியும் இறுதி ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. தேர்வு என்றால் ஒருவர் உள்ளே போவார். ஒருவர் வெளியே வருவார். வெளியே வந்தவர் மட்டமானவர் என்று சொல்லிவிடக் கூடாது.

இது சோற்றுப் பிரச்னை

"விளையாட்டுத்தானே! இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம்.

அம்மா, ஐயா, கொஞ்சம் கேளுங்கள். ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி மாநில அணிப் பட்டியலில் ஏறினால் அவள் கையில் ஒரு சான்றிதழ் வருகிறது. கல்லூரியில் இடம் கேட்கும்போது அந்தச் சான்றிதழ் பேசும். அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போதும் அது பேசும்.

ஒரு பெரிய போட்டிக்கு இந்திய அணியில் 23 பேர் போனால், அதில் 3 பேர் கோல் காப்பாளர்கள். மற்றவர்களுக்கு மிஞ்சுவது 20 இடம். நாடு முழுவதும் உள்ள பெண்கள் அந்த 20 இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள். ஒரே மைதானத்தில் ஒன்றாகப் பந்து பழகிய தோழிகளே ஒருவர் இடத்துக்கு ஒருவர் போட்டியாக நிற்க நேரும். ஒருத்திக்கு இடம் கிடைத்தால் மற்றவள் கைகுலுக்கி அனுப்ப வேண்டும். சின்ன வயதில் அது எவ்வளவு பெரிய மனசு!

ஆண்கள் அணியில் ஒருவரை விட்டுவிட்டால் ஊரே கேட்கும். "ஏன் விட்டீர்கள்?" என்று சண்டை போடும். பெண்கள் அணியில் ஒருத்தியை விட்டுவிட்டால்? கேட்க நாதி இல்லை. ஆட்டத்தைப் பார்த்திருந்தால் அல்லவா கேட்க முடியும்!

ரசிகர்களின் சண்டையை நாம் வேடிக்கையாக நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு காவல். நாலு பேர் பார்க்கிறார்கள், நாலு பேர் பேசுகிறார்கள் என்றால் தேர்வு செய்கிறவர்களும் கவனமாக இருப்பார்கள்.

எப்படி வாதாடுவது?

வாதாடுவதற்கும் முறை உண்டு. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: எந்த இடத்துக்கு ஆள் தேவை? கோல் காப்பாளர் வேண்டிய இடத்தில் கோல் போடுகிறவரைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை.

இரண்டாவது கேள்வி: எத்தனை ஆட்டம் நன்றாக ஆடினார்? ஒரு நாள் மூன்று கோல் போட்டுவிட்டு, அடுத்த பத்து ஆட்டம் சும்மா நின்றவரும் உண்டு. ஒரு நாளும் சோடை போகாதவரும் உண்டு.

மூன்றாவது கேள்வி: காலில் பந்து இல்லாதபோது என்ன செய்கிறார்? ஓர் ஆட்டம் 90 நிமிடம். அதில் ஒருவர் காலில் பந்து இருப்பது சில நிமிடங்களே. மீதி நேரத்தில் ஓடுகிறாரா, நிற்கிறாரா என்று பாருங்கள்.

நான்காவது கேள்வி: அவர் பக்கத்தில் ஆடுகிறவர்கள் நன்றாக ஆடுகிறார்களா? சிலர் வந்தால் அணியே சுறுசுறுப்பாகிவிடும்.

இந்த நான்காவது கேள்விக்கு நல்ல சாட்சி யார்? கூட ஆடியவர்கள்தான்! உலக ஆட்டக்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. ஃபிஃப்ப்ரோ என்று பெயர். ஆண்டின் சிறந்த பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்க, ஆட்டக்காரர்களையே அது ஓட்டுப் போடச் சொல்கிறது. தோள் உரச ஆடியவருக்குத்தானே ஆளின் அருமை தெரியும்!

பார்த்துவிட்டுப் பேசுங்கள்

மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் கடலூர். ஸ்பெயினுக்குப் போக வேண்டியது இல்லை. பெண்கள் ஆட்டம் நடக்கும் நாள் பார்த்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவசியம் கூட்டிப் போங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். அப்பா ஒன்று, அம்மா ஒன்று, பிள்ளைகள் ஒன்று. ஒருவர் பட்டியல்போல இன்னொருவர் பட்டியல் இராது. பிறகு வீடு வரும்வரை சண்டைதான்!

"ஏம்மா, அந்த ஏழாம் நம்பர் அக்காவை ஏன் எழுதவில்லை?" என்று உங்கள் மகள் கேட்கட்டும். காரணம் சொல்லுங்கள். அவள் ஒப்புக்கொள்ளாவிட்டால், அடுத்த ஆட்டத்துக்கும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.