வைக்கோல் கடதாசியும் உறிஞ்சு பெட்டியும்

வாழைச்சேனைக் கடதாசி ஆலை பழையபடி ஓடுமா என்று குதைபியாவில் நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். பேச்சு போரிலும் அரசியலிலும் நின்றுவிடும், தண்ணீருக்கு வராது.

1956இல் தொடங்கிய அந்த ஆலை வைக்கோலை நம்பியது. வைக்கோல் கூழ் இலகுவில் நீரை விடாது: நார் குட்டை, தூள் அதிகம். வலையில் விழும் கூழில் 99 வீதம் தண்ணீர். வலைக்குக் கீழே உள்ள பெட்டிகள் உறிஞ்சி, உருளைகள் பிழிந்து, மிஞ்சியதை நீராவி உலர்த்தும். காசு கரைவது அங்கேதான். பிழிந்து வரும் தாளின் உலர்வு ஒரு வீதம் கூடினால் நீராவியில் ஏறக்குறைய 4 வீதம் மிச்சம்.

அதற்காக முதல் பெட்டியிலேயே பலமாக இழுத்தால் தாளின் அடி அடைத்துக்கொள்ளும், வலையும் தேயும். மெல்லத் தொடங்கி, பெட்டிக்குப் பெட்டி கூட்டவேண்டும். பெரிய பம்பி வாங்க முதல், குழாய்களில் காற்றுக் கசிகிறதா என்று பார்ப்பது மலிவு.