எஞ்சின் எண்ணெயும் நாடிப் பரிசோதனையும்

ஆறில்லாத நம் குடாநாட்டில் பயிருக்கு உயிர் கொடுப்பது கிணறு. உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் வாழையும் புகையிலையும் செழிப்பது அதனாலேயே. துலா மிதித்து நீரிறைத்த காலம் மறைந்து, அந்தப் பாரத்தை எஞ்சின்கள் சுமக்கத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. உழுவதும் ஏற்றிச் செல்வதும் எஞ்சின்களே. பயிர் காய்கட்டும் வேளையில் எஞ்சின் படுத்துவிட்டால், அவ்வீட்டின் ஆறு மாத உழைப்பும் அதனோடு படுத்துவிடும்.

எஞ்சினைக் கழற்றிப் பார்த்தாலன்றி அதன் உள்நோயை அறிய இயலாதென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. குருதி உடலெங்கும் ஓடி எல்லா உறுப்பின் செய்தியையும் தன்னுள் வைத்திருப்பதுபோல, எஞ்சினுள் ஓடும் எண்ணெயும் தேய்கின்ற ஒவ்வோர் உறுப்பினின்றும் நுண்ணிய துகள்களை ஏந்தி வருகின்றது. இதனைப் பயன்படுத்தி 1946 இல் அமெரிக்காவின் டென்வர் ரியோகிராண்ட் புகையிரதப் பகுதியினர் தம் டீசல் எஞ்சின்களின் எண்ணெயை ஆராயத் தொடங்கினர். இன்று கப்பலும் விமானமும் மின்னிலையமும் இம்முறையைக் கையாளுகின்றன.

சோடிய உப்பைச் சுவாலையில் இட்டால் மஞ்சள் ஒளி தோன்றுவதை மாணவர்கள் ஆய்வுகூடத்திற் கண்டிருப்பர். தத்துவம் அதுவே. எண்ணெய்த் துளியை மின்பொறியில் எரித்து, ஒவ்வோர் உலோகமும் வீசும் தனக்கேயுரிய ஒளியைக் கருவி அளக்கின்றது. பத்து இலட்சம் பங்கு எண்ணெயில் இத்தனை பங்கு உலோகம் என்று விடை வரும். 4 கிலோகிராம் எண்ணெயில் இரும்பு 100 பங்கு என்றால், கரைந்து வந்த இரும்பு 400 மில்லிகிராம். அரைக் கிராமும் இல்லை. அவ்வளவு சிறிய தேய்வையும் அறியலாம் என்பதே இதன் அருமை.

இரும்பு பெரும்பாலும் சிலிண்டர்ச் சுவரினின்றும் கிராங்குத் தண்டினின்றும் வருவது. குரோமியம் பிஸ்டன் வளையத்தைக் காட்டும். ஈயம், வெள்ளீயம், செம்பு மூன்றும் சேர்ந்து உயருமாயின் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். நீரினாற் குளிரூட்டப்படும் எஞ்சினில் சோடியம் ஏறினால், குளிர்நீர் உள்ளே கசிகின்றதோ என ஐயுறலாம். நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரிற் கல்சியம் மிகுதி. ஆயினும் கல்சியத்தை இங்கே சாட்சிக்கு அழைக்க முடியாது. எண்ணெயைத் தயாரிப்போரே அழுக்ககற்றும் பொருளாகக் கல்சியத்தையும், தேய்வைத் தடுக்க நாகத்தையும் பொசுபரசையும் சேர்த்து விடுகின்றனர். அறிக்கையில் இவை ஆயிரக்கணக்கில் நிற்பதைக் கண்டு புதியவர்கள் திடுக்கிடுவதுண்டு. வீண் அச்சம்!

நம்மவர் முதலிற் பார்க்க வேண்டியது சிலிக்கனை. அது புழுதியின் அடையாளம். கோடையிற் செம்மண் ஒழுங்கையில் உழவு இயந்திரம் சென்றால் எழும் புழுதியை நாம் அறிவோம். வளிவடியில் ஒரு சிறு வெடிப்பிருந்தாலும் அப்புழுதி உட்புகுந்து அரத்தைப்போல் அராவும். மண்ணில் அலுமினியமும் இரும்பும் உண்டு; செம்மண்ணின் சிவப்பே இரும்பின் துருதான். ஆகவே சிலிக்கனும் அலுமினியமும் கைகோத்து உயர்ந்தால், வளிவடியையும் அதன் குழாய்ப் பொருத்துகளையும் முதலிற் சோதிக்க வேண்டும். சிலிக்கன் அசையாதிருக்க அலுமினியம் மட்டும் ஏறினால், அப்பொழுதுதான் பிஸ்டன் மீது ஐயம் விழும். சில நூறு ரூபாவில் தீரும் பழுதா, எஞ்சினையே பிரிக்கும் பழுதா என்பது இவ்விரண்டு எண்களின் உறவில் தங்கியிருக்கின்றது.

எண் பெரிதென்பதால் தேய்வும் பெரிதென்று முடிவுகட்டுதல் கூடாது. ஓர் எஞ்சினில் 100 மணி நேர ஓட்டத்தின்பின் இரும்பு 40. அடுத்த முறை மாற்றிய எண்ணெயில் 250 மணி நேரத்தின்பின் 60 என்று கொள்வோம். எண் உயர்ந்துள்ளது, ஆனால் மணிக்கு 0.4 ஆக இருந்த தேய்வு 0.24 ஆகக் குறைந்துள்ளது! இடையிற் புதிய எண்ணெய் ஊற்றியிருந்தால் அதனையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். ஓர் அறிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஒரே எஞ்சினின் மூன்று நான்கு அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதே உண்மை துலங்கும். மாதிரியையும் எஞ்சின் சூடாயிருக்கும்போது, வடியும் ஓட்டத்தின் நடுவில், உலர்ந்த தூய போத்தலில் எடுக்க வேண்டும். அடியிற் படிந்த கசடும் பழைய போத்தலின் உப்பும் பொய்ச்சாட்சி சொல்லும்.

இக்கருவிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குக்கு மேற்பட்ட துகள்களை அது பெரும்பாலும் காண்பதில்லை. பல்லொன்று உடைந்து சில்லாக விழுந்தாலும் அறிக்கை அமைதியாகவே இருக்கக்கூடும். அதற்கு வடிதுளை மூடியிற் பொருத்திய காந்தமும், பழைய எண்ணெய் வடியை அறுத்துப் பார்க்கும் கண்ணுமே துணை.

“எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டதா?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. டீசல் எஞ்சினில் நல்ல எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுக்கும். புகைக்கரியைப் படியவிடாது தாங்கி நிற்பது அதன் கடமை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மையொற்றுந் தாளில் ஒரு துளி இட்டு ஒரு நாள் விடுங்கள். கரி மெல்ல மெல்ல வெளிறிப் பரவினால் எண்ணெய்க்கு இன்னும் ஆற்றல் உண்டு. நடுவில் கரிய திட்டு கூரிய விளிம்புடன் தேங்கி நின்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

மாற்றிய எண்ணெயை எங்கே ஊற்றுவது? அறிக்கையிற் கண்ட ஈயமும் செம்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன. நமக்குச் சில கல் தொலைவிலுள்ள சுன்னாகத்தில், மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் அங்கு மின்னுற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கும் எண்ணெய்க்கு வேலியெல்லை தெரியாது. மூடியுள்ள தகரக் கலனிற் சேர்த்து, கிணற்றடிக்கு அப்பால், சீமெந்துத் தரையில் வைத்திருந்து, கழிவெண்ணெய் எடுப்போரிடம் கொடுப்பதே தக்கது.