இருபெயர்ச் செடி

காஞ்சொறியைத் தீண்டி அவதியுற்றோர் நம்மிடையே பலர். ஐரோப்பாவிலும் அவ்வாறு எரியும் செடியொன்று உண்டு. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த நம் காஞ்சொறிக்கு அது உறவன்று; ஆயினும் இரண்டின் தொழிலும் ஒன்றே. அதன் இலையிலும் தண்டிலும் நுண்மயிர்கள் நிறைந்துள்ளன. கை பட்டதும் கண்ணாடி போன்ற அவற்றின் நுனி முறிந்து, ஊசிமருந்து ஏறுவதுபோல் எரிச்சல்நீர் தோலினுள் பாயும்.

குருமடத்தில் நாம் பயின்ற இலத்தீன் மொழியில் இச்செடியின் பெயர் 'உர்த்திக்கா'. 'எரித்தல்' எனப் பொருள்படும் 'ஊரேரே' என்னும் வினையினின்று அது பிறந்தது என்பர். 1753-ஆம் ஆண்டில் தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸ் என்னும் அறிஞரும் அதனையே நிலைநிறுத்தினார். ஆங்கிலேயரோ 'நெட்டில்' என்கின்றனர். நூல் முறுக்குதல், வலை பின்னுதல் ஆகியவற்றைக் குறிக்கும் பழஞ்சொற்களோடு இதனை உறவுபடுத்தும் அறிஞர் உளர். அவர்கள் கூற்று மெய்யாயின், ஒரு மக்கள் செடியின் குற்றம் கண்டு பெயரிட்டனர். மற்றொரு மக்கள் குணம் கண்டு பெயரிட்டனர்.

எரிக்கும் செடிக்குக் குணம் ஏது என்பீர்கள். டென்மார்க்கில் ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறையொன்றில் இதன் நாரால் நெய்த துணி கிடைத்துள்ளது. இளந்தளிரை வேகவைத்தால் எரிச்சல் நீங்கி நல்ல கீரையாகும். வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களுக்கு இதன் இலையே உணவு. சுபியாக்கோ மலைக்குகையருகே தீய நினைவால் அலைக்கழிக்கப்பட்ட புனித ஆசீர்வாதப்பர், இச்செடியும் முட்புதரும் மண்டிய இடத்தில் புரண்டு, உடலின் எரிச்சலால் உள்ளத்தின் நெருப்பை அணைத்தார் எனப் பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார் வரைந்துள்ளார். இத்தனை நலன்களும் 'எரிப்பது' என்னும் ஒரு பெயரினுள் மறைந்துபோயின.

நம் இல்லங்களில் நிகழ்வதும் இதுவே. ஞானஸ்நானத் தொட்டியருகே புனிதரின் பெயரைச் சூட்டுகிறோம். வீடு திரும்பியபின் 'மந்தன்', 'முரடன்' என்று குற்றத்தையே பெயராக்குகிறோம். இதில் நாமும் தவறியதுண்டு. ஒருமுறை மறைக்கல்வி வகுப்பில் சினமுற்று ஒரு சிறுவனை 'முரடன்' என்றோம். மற்றப் பிள்ளைகள் அப்பெயரையே பற்றிக்கொண்டனர். சில வாரங்களில் அவன் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான். பின்னர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மும்முறை மறுதலிக்கவிருந்த சீமோனை ஆண்டவர் 'கோழை' என்று அழைக்கவில்லை. 'பாறை' என்றே அழைத்தார். பெற்றோரே, இன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின் உங்கள் பிள்ளையை அவனுடைய ஞானஸ்நானப் பெயரால் அழைத்து ஆசீர்வதியுங்கள்.